தீயில் கிடந்த மணல்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னபோது, சல்லடையை எப்படிப் பிடிப்பது, உலையை எந்த அளவில் வைப்பது என்பதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவை கையேட்டில் இருக்கின்றன. கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். வளைகுடாவில் நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அந்த ஒரு நாள்தான் என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக ஆட்கள் காத்து நின்றார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்தது கொஞ்சம் மணல் மட்டும்.

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகால்காரன். எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் இரண்டு பேச்சுதான் உண்டு. குடிகிடப்பு நிலம், அதாவது பிறர் மண்ணில் குடியிருந்தவனுக்குச் சட்டம் தந்த வீட்டடி நிலம், யாருக்குப் பதிந்தது என்பது ஒன்று; யாருக்கு விசா வந்தது என்பது மற்றொன்று. என் அப்பா ஊரில் ஒரு பெரிய வீட்டின் வயல்களில் வேலை பார்த்தவர். அவர்களுடைய மண்ணில்தான் எங்கள் ஓலைப்புரை நின்றது. நிலச் சட்டம் வந்ததும் புரை நின்ற இடம் எங்களுக்கு ஆனது. அன்றோடு பெரிய வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். வயல்களும் கைவிட்டுப் போனபின் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போனார்கள். கடைசிப் பிள்ளை பாஸ்கரன் வளைகுடாவுக்குப் போனார். சில வருடங்கள் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, நானும் போனேன். போய் இறங்கிய நிறுவனத்தில் அவர் கம்பி கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன், நான் ஆய்வகத்தில். அவருடைய ஆட்கள் பெரும்பாலும் எங்கள் ஊரை அடுத்த பனச்சமூடு, வெள்ளறடைப் பக்கத்துக்காரர்கள்.

பார்த்தால் 'பாஸ்கரண்ணே' என்பேன். அவர் 'எலே தாசே' என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. யாருடைய மண் யாருக்குப் போனது என்று பாலைவனத்தில் எவரும் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை.

பாலைவன மணலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நம் நெய்யாற்று மணல் போல இராது. குவார்ட்சு உண்டு, அதோடு கடற்சிப்பித் துகள், சுண்ணாம்புக்கல் பொடி, ஜிப்சம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொரு மணியின் மேலும் துருவைப் போல மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். நாம் பார்க்கிற அந்த மஞ்சள் இரும்பின் நிறம்தான். சேர்ந்த புதிதில், சுக்காக உலர்ந்த மணலிலும் ஈரம் காட்டுகிறது என்று ஆய்வகத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் சூடான்காரர், புவியியல் படித்தவர். "அடுப்பின் சூட்டைக் குறைத்து வைத்துப் பார்" என்றார். ஈரம் காணாமல் போயிற்று. அதுவரை நான் அளந்தது ஜிப்சத்துக்குள் அதன் உடம்பாகவே இருந்த தண்ணீரை. சூடு பட்டதும் ஜிப்சம் அதை விட்டுவிட்டு வேறு பொருளாகிவிடுகிறது. "நீ மணலை உலர்த்தவில்லை, மாற்றிவிட்டாய்" என்று சிரித்தார்.

அந்தக் கோடையில் வேலை குறைந்த மதியங்களில் இருவரும் ஒரே மணலை வெவ்வேறு சூட்டில் உலையில் வைத்து எடுத்து, வெள்ளைத் தட்டுகளில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தோம். முந்நூறு டிகிரியை ஒட்டி மஞ்சள் போய்ச் சிவப்பு வரும். இரும்புப் பூச்சும் தன்னிடம் இருந்த தண்ணீரை இழந்து வேறு கனிமமாவதால் அப்படி. ஏற ஏற ஓட்டுச் சிவப்பு. அறுநூறை எட்டும் முன் ஓரிடத்தில் குவார்ட்சு சட்டென்று உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு உப்பும். ஆறினால் பழையபடி சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. எண்ணூறு வாக்கில் சிப்பித் துகள்கள் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அமிலம் விட்டால் நுரைத்த மணல் அதன்பின் நுரைக்காது. தண்ணீர் விட்டால் சீறும். சூடு போன பிறகும் இவற்றில் பல திரும்புவதில்லை. ஆகவே ஒரு மணல் எவ்வளவு சூட்டைக் கண்டது என்று பின்னாலும் சொல்ல முடியும். இது ஒரு நாள் உதவும் என்று நாங்கள் நினைக்கவில்லை. எங்களுக்கு அது பொழுதுபோக்கு.

நிறுவனம் அப்போது ஒரு காய்கறிச் சந்தையைக் கட்டிக்கொண்டிருந்தது. தரைக்குக் கீழே பெரிய நிலவறை. அதற்கு மேலே கான்கிரீட் தளம் வார்த்து முடிந்திருந்தது. நிலவறைக்குள் பலகைகள், மரச் சட்டங்கள், தார் பீப்பாய்கள், கம்பிக் கட்டுகள். ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளில், அங்கே தீப்பிடித்தது. உள்ளே ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தீ முழுதாக அடங்க மறுநாள் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திட்ட மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஆய்வகத் தலைவர் அப்போது விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார், பொறுப்பு என்னிடம். மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர். கெட்டவர் அல்ல. முகாமில் தண்ணீர் வரவில்லை என்றால் தானே போய் நிற்கிற மனிதர். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. தளத்தைத் தாங்கிய மரமுட்டுகள் எரிந்துவிட்டன. உடனே ஆட்களை இறக்கிக் குப்பையை வாரி, புது முட்டுகள் கொடுக்க வேண்டும். சந்தையை ஒப்படைக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. "தளத்தைச் சோதித்து மதியத்துக்குள் ஒரு குறிப்பு கொடு" என்றார்.

கான்கிரீட்டில் அடித்தால் எகிறும் அளவைக் காட்டும் சுத்தியல் ஒன்று எங்களிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு சரிவுப் பாதை வழியாக இறங்கி, வாசலை ஒட்டி எட்டிய இடங்களில் அடித்துப் பார்த்தேன். எண்கள் நன்றாகவே இருந்தன. மேலே ஏறி வந்து எழுத உட்கார்ந்தபோது கை நின்றது. நான் அடித்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் வெளிச்சம் இருந்த இடங்கள். உள்ளே இருட்டான பக்கம் என் கால் போகவே இல்லை. பயத்தில் கால் போகாத இடத்தைப் பற்றி என் குறிப்பில் ஒரு வரியும் வரப்போவதில்லை. படிக்கிறவர் முழுத்தளமும் நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மறுபடி வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினேன். நிலவறைச் சுவரின் உச்சியில், தளத்துக்கு ஒரு சாண் கீழே, காற்றுக்காகச் சிறு திறப்புகள் விட்டிருந்தார்கள். வெளியே நின்று குனிந்தால் கை உள்ளே எட்டும். அந்தத் திறப்புகளின் உள்விளிம்பில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் படிந்திருந்தது. எல்லாத் திறப்பிலும் ஒரே காற்று, ஒரே மணல். கரியை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் கரண்டியால் சுரண்டித் தகரக் குவளைகளில் எடுத்தேன். வாசல் பக்கத்து மணல் மஞ்சளாகவே இருந்தது. தள்ளிப் போகப் போக இளஞ்சிவப்பு. பிறகு ஓட்டுச் சிவப்பு. வடக்கு மூலையில் சிவப்புக்கு நடுவே சிப்பித் துகள்கள் வெளுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தன.

பாஸ்கரண்ணன் தன் ஆட்களோடு நிழலில் காத்திருந்தார். நான் சுவரோரம் குந்திக் குந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார்.

"எலே தாசே, என்னத்தயாக்கும் தேடுத? மோதிரம் எதாம் களஞ்சு போச்சா?"

"மணலு அண்ணே."

"மணலுக்கா இஞ்ச பஞ்சம்?" ஆட்கள் சிரித்தார்கள்.

நான் இரண்டு குவளைகளை நிழலில் வைத்தேன். ஒன்றில் சுவருக்கு வெளியே கிடந்த மணல். மற்றதில் வடக்கு மூலை மணல். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டேன். இரண்டாவது லேசாகச் சீறியது. சற்றுப் பொறுத்து இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"இது சுடுது" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "இது என்ன கூத்து?"

"அந்த மூலையில கெடந்த மணலு சுண்ணாம்பாப் போச்சு அண்ணே. சூளையில உள்ள சூடு தட்டினாத்தான் அப்பிடி ஆவும். அதுக்கு ஒரு சாண் மேலயாக்கும் தளம். தளத்துக்கு உள்ளயும் மணலுதானே கெடக்குது?"

அவர் குவளைகளைத் தரையில் வைத்தார். முகம் கடுத்திருந்தது. "நான் கம்பி கட்டி வார்த்த தளமாக்கும் அது. ஒனக்க ஓலப்பெர இல்ல, காத்தடிச்சா சாயதுக்கு."

அந்தச் சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. குவளைகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். வெளி மணலை உலையில் வைத்து, சூட்டை ஏற்றி ஏற்றி எடுத்து, வடக்கு மூலை மணலோடு வைத்துப் பார்த்தேன். எண்ணூறுக்கு வந்தபோதுதான் நிறமும் ஒத்தது, அமிலத்தில் நுரைக்காமல் கிடந்ததும் ஒத்தது. கான்கிரீட் அறுநூறைத் தாண்டினாலே பாதி பலமும் மிஞ்சாது. உள்ளிருக்கும் குவார்ட்சு மணிகள் உப்பிச் சுருங்கிப் பழையபடி ஆகிவிடும். அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த சிமெண்டு பழையபடி ஆகாது.

மேலாளர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் எதிர்பாராத இடத்தில் பிடித்தார்.

"அந்தத் திறப்புகள் புகைபோக்கி மாதிரி. தீயெல்லாம் அவற்றின் வழியாகத்தான் வெளியேறியிருக்கும். அங்கே எண்ணூறு என்றால் தளம் முழுக்க எண்ணூறா?"

"இல்லை."

"நடுவில் எவ்வளவு?"

"தெரியாது."

"தளம் விழும் என்கிறாயா?"

"அதுவும் தெரியாது."

"உனக்குத் தெரிந்தது சுத்தியல் கொடுத்த எண்கள். அவை நன்றாக இருக்கின்றன. அவற்றை எழுதிக் கையெழுத்துப் போடு."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. எண்கள் உண்மை. அவற்றை எழுதினால் நான் பொய் சொன்னதாகாது. பின்னால் என்ன நடந்தாலும் என்னை யாரும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த இடத்தை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பொய்யான எண் அல்ல. எட்டிய இடத்தில் எடுத்து, எட்டாத இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்த உண்மையான எண்.

எழுதினேன். சுத்தியல் அளவுகளை எழுதி, இவை வாசலை ஒட்டிய பகுதிக்கு மட்டும் என்று எழுதினேன். வடக்கு மூலையில் மணல் கண்ட சூட்டை எழுதினேன். தளத்தின் மற்ற பகுதிகளின் பலம் எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். மேலிருந்து, சுவரோரமாகத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்கும் வரை கீழே ஆள் போகக்கூடாது என்று முடித்தேன்.

மேலாளர் படித்துவிட்டு, "இது அறிக்கை இல்லை, பயம்" என்றார்.

"ஆமாம், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாஸ்கரண்ணனிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். ஆட்கள் எழுந்தார்கள்.

என் வேலை அறிக்கையோடு முடிந்தது என்று நினைத்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஓடினேன். சரிவுப் பாதையின் முகப்பில் போய் வழியை மறித்தேன்.

"அண்ணே, ஆளுவள எறக்காண்டாம்."

"மேனேஜரு எறங்கச் சொன்னாரு. நீ ஆரு?"

"லேபுல உள்ளவன். நானாக்கும் செல்லுதேன், எறங்கப்பிடாது."

அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள். முதல் வரிசையில் அவர் மனைவியின் தம்பி, தோளில் கயிற்றுச் சுருளோடு.

"தளம் விழுமா? ஒறப்பாச் செல்லு."

'விழும்' என்ற ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இத்தனை பேரும் நின்றுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நல்லதற்குச் சொல்கிற பொய்தானே என்றும் தோன்றியது. ஆனால் கொஞ்சம் முன்புதான் மேலாளரிடம் ஒரு எண்ணை இழுத்து நீட்ட மறுத்திருந்தேன். இவர்களிடம் மட்டும் எப்படி நீட்டுவது?

"எனக்கு அறிஞ்சூடா அண்ணே" என்றேன், மேலாளரிடம் சொன்ன அதே 'தெரியாது'தான். "நிக்கவும் செய்யும், விழவும் செய்யும். நிக்கும்ன்னு செல்லதுக்கு என் கையில ஒண்ணும் இல்ல. அதாக்கும் காரியம்."

அவர் தன் ஆட்களிடம் திரும்பி, "எல்லாரும் மேல கேறுங்கலே. ஒருத்தனும் எறங்காண்டாம்" என்றார்.

மேலாளர் வேகமாக வந்தார். பாஸ்கரண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "லேப் நோ, சார். சோ மீ நோ."

மறுநாளே அவரைப் பாலைவனத்துக்குள் சாலை போடும் முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய ஆட்களைப் பிரித்து வேறு வேறு குழுக்களில் போட்டார்கள். வேறு ஆள் இல்லாததால் நான் தப்பினேன். மேலாளர் இன்னொரு குழுவை இறக்கப் பார்த்தார். அதற்குள் பேச்சு பரவிவிட்டதால் யாரும் அசையவில்லை.

தளம் விழவில்லை. நாட்கள் போயின, அது பாட்டுக்கு நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் நான் தட்டை எடுத்தாலே யாராவது "கூரை விழுந்துதா தாசே?" என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் அந்தப் பக்கம் பார்த்தேன். விழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். நம் சொல் மெய்யாக வேண்டும் என்பதற்காக ஒரு கட்டடம் விழ வேண்டும் என்று நினைக்கிற நிலைக்கு மனிதன் வெகு சுலபமாக வந்துவிடுகிறான். அந்த நாட்களில் நான் வேறு எந்த மாதிரியையும் ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்தேன். என் கண்ணின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

யாரும் இறங்காததால் கடைசியில் துளையிடும் இயந்திரம் வந்தது. வாசல் பக்கத்துத் துண்டு சாம்பல் நிறத்தில், கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. வடக்கு மூலைத் துண்டின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாக இருந்தது. கையில் எடுத்தபோதே உதிர்ந்தது. நகராட்சிப் பொறியாளர்கள் தளத்தை இடிக்கச் சொன்னார்கள். வெளியே நிறுத்திய இயந்திரம் வடக்கு மூலையில் லேசாகத் தட்டியதும் தூண்களுக்கு இடைப்பட்ட அந்தத் தளக் கட்டம் அப்படியே கீழே போயிற்று. பக்கத்துக் கட்டத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. வாசல் பக்கத்தை உடைக்கவோ நாள் முழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஆட்கள் வேலை செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மேலாளர் சொன்னதிலும் பாதி சரிதான். இதையும் நான் மறைக்கக்கூடாது.

புழுதி அடங்கும் வரை அவர் என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல், "பாஸ்கரன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார்.

"நீங்கள்தான் அனுப்பினீர்கள்."

"ஜீப்பை எடுத்துப் போய்க் கூட்டி வா."

சாலை முகாமில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து பாஸ்கரண்ணன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழவில்லை. தட்டைக் கொஞ்சம் நகர்த்தி பாயில் உட்கார இடம் விட்டார். எங்கள் இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே பாயில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"விழுந்துதா?"

"விழுந்துது அண்ணே. வடக்க மூல."

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "கம்பியெல்லாம் அங்கதான் கெடந்துது" என்றார். "எனக்க மச்சினன அங்கதான் நிறுத்தியிருப்பேன்."

அவர் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் அறிஞ்சூடான்னுதானே சொன்னேன். பின்ன ஏன் நிறுத்தினிய?"

"நீ விழும்ன்னு செல்லியிருந்தா எறங்கியிருப்பேன். பெரிய வீட்டுக்காரன் மேல உள்ள கெறுவுல செல்லுதான்னு நெனச்சிருப்பேன்." தண்ணீர் குடித்தார். "ஒனக்க அப்பன் நிலக் கேசுல ஆப்பீசருக்க முன்ன நிண்ணப்போ எனக்க அப்பனுக்க கூட நானும் போயிருந்தேன். ஆப்பீசரு கேட்டாரு, கெணறு ஒனக்க எல்லைக்கு உள்ளயான்னு. ஒங்க வக்கீலு கண்ணக் காட்டுதாரு, ஆமான்னு செல்லு, செல்லுன்னு. ஒனக்க அப்பன் செல்லுதாரு, 'எனக்கு அறிஞ்சூடா, நான் வரும்பளே கெணறு உண்டு'ன்னு. கெணறு எங்களுக்கு நிண்ணுது. எனக்க அப்பன் அன்னைக்கு வீட்டுல வந்து சோறு திங்கல்ல. கேசு தோத்ததுக்குக்கூட மனுஷன் அப்பிடி இருக்கல்ல."

எனக்கு அந்தக் கதை வேறு விதமாகத்தான் தெரியும். கிணறு கைவிட்டுப் போனதால் என் அம்மை வருடக்கணக்காகத் ஓடையின் அந்தக் கரையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். சுமந்த ஒவ்வொரு குடத்துக்கும் அப்பாவை, ஒரு வாக்கு சொல்ல வாயில்லாத மனுஷன் என்று திட்டினாள். வளர்ந்த பிறகு நானும் அம்மையின் கட்சிதான்.

"மேனேஜரு கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

"பின்ன வாறேன்னு செல்லு. இஞ்ச சோலி கெடக்குது."

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ்கரண்ணன் சொன்னதையும் சேர்த்து. மணல் சிவந்ததும் சுண்ணாம்பானதும் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கிணற்றுப் பேச்சு வந்ததும் அடுக்களையிலிருந்து அம்மை, "அது இப்பளும் தீரல்லியா?" என்றாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தளம் விழும்ப கீழ ஆளு ஆரும் இல்லியே?" என்று கேட்டார்.

"ஆரும் இல்லப்பா."

"அது போரும்" என்றார்.